60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ: சாம்பல் 12-லிருந்து 18 ஆனால் தாள் தேறுமா, மாவு தட்டுமா?

சிவகாசி ஆஃப்செட் – மார்ச் 3, காலை 10.15

பாடநூல் வேலை. இரண்டு பக்கமும் எழுத்து, நடுநடுவே வண்ணப் படம். 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) மேப்லித்தோவில், அதாவது பூச்சில்லாத ஆஃப்செட் தாளில், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. மில்லில் கேட்டால், "ஃபில்லரை (தாளில் சேர்க்கும் கனிமப் பொடியை)க் கூட்டித் தருகிறோம், சாம்பல் 12-லிருந்து 18 ஆகும், பிறகு தெரியாது" என்கிறார்கள். சாம்பல் கூடிய தாள் எல்லாம் பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பில்) மாவு பூசும். ஃபில்லர் கூடினாலே மட்டமான தாள் என்பது என் கருத்து. தவறு என்றால் காரணத்தோடு சொல்லுங்கள்.

வெட் எண்ட் – மார்ச் 3, பிற்பகல் 2.40

ஃபில்லர் கூடினால் மட்டம் என்பது தவறு. 18 ஆனால் போதும் என்று மில் சொல்வதும் தவறு. சாம்பல் 18 என்றால் நூறு கிராம் தாளை எரித்தால் 18 கிராம் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். அது என்ன கனிமம், என்ன பருமன், தாளின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எதைக் கொண்டு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

முதலில் ஏன் தெரிகிறது என்று பார்ப்போம். பஜ்ஜி வைத்த தாள் எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகும். நார் போய்விடவில்லை, நாருக்கு நடுவே இருந்த காற்று போய்விட்டது. செல்லுலோசின் ஒளிவிலகல் எண் 1.53, காற்றுக்கு 1. இந்த வித்தியாசம் இருக்கிற ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறும். எண்ணெய் 1.47 அளவில் இருப்பதால் வித்தியாசம் அழிந்துபோகிறது, ஒளி நேரே கடந்துவிடுகிறது.

கயோலின் 1.56, டால்க் 1.57, கால்சியம் கார்பனேட் 1.6-ஐ ஒட்டி. நாரைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் ஃபில்லர் எப்படி மறைக்கிறது? துகள் நாரோடு நார் ஒட்டாமல் தடுத்து, நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகளை விட்டுவைக்கிறது. பார்வை ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி அளவுள்ள இடைவெளிகள்தாம் நன்றாகச் சிதறடிக்கும். டைட்டானியம் டைஆக்சைடு மட்டும் விதிவிலக்கு. அதன் இரு படிக வடிவங்களில் அனடேஸ் 2.55, ரூட்டைல் 2.7. அது தன் சொந்த பலத்தில் சிதறடிக்கும், விலையும் அதற்கேற்ப.

இதிலேயே உங்கள் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. காற்று இடைவெளி கூடினால் நார்ப்பிணைப்பு குறையும். ஒளிமறைப்பைத் தரும் அதே வேலைதான் தாளின் வலுவையும் குறைக்கிறது. 60 ஜிஎஸ்எம்மில் 12% என்றால் சதுர மீட்டருக்கு 7.2 கிராம் கனிமம். 18% என்றால் 10.8. எடை மாறாததால் அந்த 3.6 கிராமும் நாரிலிருந்து கழிகிறது. நார் 7% குறைகிறது, மிச்சமிருக்கும் நாரின் ஒட்டலும் குறைகிறது.

வெட் எண்ட் – மார்ச் 3, பிற்பகல் 3.05

முக்கியமான கேள்வியை விட்டுவிட்டேன். மில் அமில முறையா, நடுநிலை முறையா? டால்க்கா, கார்பனேட்டா?

சிவகாசி ஆஃப்செட் – மார்ச் 3, மாலை 6.20

கரும்புச் சக்கைக் கூழோடு கொஞ்சம் மரக்கூழ் என்று தெரியும். ஃபில்லர் என்ன என்று சொல்லவில்லை. கையில் தாள் இருக்கிறது. நாமே கண்டுபிடிக்க வழி உண்டா?

சாம்பல் உலை – மார்ச் 3, இரவு 9.10

உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு லென்ஸ் வழியாகப் பாருங்கள். நுரை பொங்கினால் கார்பனேட். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், மிஷின் பக்கத்தில் செய்ய வேண்டாம். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. சாம்பல் குறைந்த தாளில் ஏமாற்றிவிடும்.

இன்னொன்று குளோரோஃபீனால் ரெட் பேனா. கோடு ஊதாவானால் தாள் நடுநிலை அல்லது காரம், மஞ்சளானால் அமிலம். அமிலத் தாளில் கார்பனேட் பெரும்பாலும் இருக்காது.

மில்லிடம் சாம்பல் எண் கேட்கும்போது எத்தனை டிகிரியில் எரித்தது என்றும் கேளுங்கள். 525 டிகிரி, 900 டிகிரி என்று இரண்டு சோதனை உண்டு. கால்சியம் கார்பனேட் 900-ல் கார்பன் டைஆக்சைடை விட்டுச் சுண்ணாம்பாகிவிடும், எடையில் 44% போய்விடும். 20% கார்பனேட் உள்ள தாள் 525-ல் 20 காட்டும், 900-ல் 11.2 காட்டும். ஒரே தாள்தான்.

வெட் எண்ட் – மார்ச் 4, காலை 8.30

மேலே சொன்னதை வைத்து ஒரு கணக்கு. டால்க்கும் கார்பனேட்டும் கலந்த தாள். 525-ல் 18.0, 900-ல் 12.3. வித்தியாசம் 5.7. அதை 0.44-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13. ஆக 13% கார்பனேட், 5% டால்க். பிரித்துப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவையில்லை, உலையும் தராசும் போதும்.

சாம்பல் உலை – மார்ச் 4, காலை 9.00

சிறு திருத்தம். 900-ல் டால்க்கும் தன் கட்டமைப்பு நீரை இழக்கும், சுமார் 5%. 5 பங்கு டால்க்கில் அது 0.25. கணக்கில் கார்பனேட் அரை விழுக்காடு கூடுதலாகத் தெரியும். கயோலின் இருந்தால் இந்தக் குறுக்குவழி இன்னும் தள்ளாடும். கயோலினில் 14% வரை கட்டமைப்பு நீர் உண்டு. பெரும்பகுதி 525-லேயே போகும், மிச்சம் 900-ல் போகும். ஆகவே கயோலின் கலந்த தாளுக்குக் கார்பனேட்டை அமிலத்தில் கரைத்துத் தனியாக அளப்பதே சரி.

வெட் எண்ட் – மார்ச் 4, காலை 9.20

ஏற்றுக்கொள்கிறேன். டால்க் என்றால் சரியாக வரும் என்று சொல்லியிருக்கக் கூடாது, கிட்டத்தட்ட வரும்.

சிவகாசி ஆஃப்செட் – மார்ச் 5, காலை 11.00

அமிலம் விட்டோம், நன்றாகவே பொங்கியது. பேனாவில் ஊதா. அப்படியானால் கார்பனேட். இப்போது எது கூடினால் நல்லது, எது கூடினால் கெட்டது?

வெட் எண்ட் – மார்ச் 5, பிற்பகல் 1.15

கார்பனேட்டில் இரண்டு வகை. ஜிசிசி என்பது பளிங்கு அல்லது கால்சைட்டை அரைத்தது. பிசிசி என்பது சுண்ணாம்பை நீர்த்து, அந்தப் பாலில் கார்பன் டைஆக்சைடை ஊதி மறுபடி படிய வைத்தது. மில்லின் சுண்ணாம்பு உலை அல்லது பாய்லர் புகைப்போக்கியிலிருந்தே வாயு கிடைக்கும் என்பதால் பிசிசி ஆலையை மில் வளாகத்துக்குள்ளேயே வைப்பார்கள். 1986-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபைசர் நிறுவனம் இப்படி ஒன்றை அமைத்ததிலிருந்துதான் இது பரவியது. மருந்து கம்பெனி என்று நாம் அறிந்த அதே ஃபைசர்.

பிசிசியின் வழக்கமான வடிவம் கூர்முனைகள் கொத்தாக ஒட்டிய ரோஜா மாதிரி, ஒன்றரை முதல் இரண்டரை மைக்ரான். அந்தக் கொத்துக்குள்ளேயே காற்று நிற்கும். ஆகவே ஒரு விழுக்காடு பிசிசி தரும் ஒளிமறைப்பை ஜிசிசி தராது, தாளுக்கு உப்பலும் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது மறைப்புதான் என்றால் பிசிசி கேளுங்கள். 18 தேவைப்படாது, 15-லேயே காரியம் முடியும்.

வெட் எண்ட் – மார்ச் 6, காலை 7.50

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். சக்கைக் கூழ் என்று நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

சக்கை நாரோடு தக்கை வரும். எவ்வளவு தக்கை நீக்கினாலும் மெல்லிய சுவர் கொண்ட செல்களும் நுண்துகளும் மிஞ்சும். அவை தண்ணீரை விடாது. வயரில் (கூழிலிருந்து நீரை வடிக்கும் சல்லடையில்) நீர் வடிவது ஏற்கனவே மந்தம். அதில் கூர்முனைப் பிசிசியைச் சேர்த்தால் நீரைப் பிழியும் பிரஸ்ஸுக்குப் பிறகும் ஈரம் கூடுதலாக நிற்கும், மிஷின் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். ஈரத் தாளின் வலுவும் குறையும். ஜிசிசி அடர்த்தியான துகள், நீரை நன்றாக வடிய விடும், வலுவையும் அவ்வளவு கெடுக்காது. ஆகவே இந்த மில்லுக்கு முழுப் பிசிசி என்று நிபந்தனை போட்டால் அவர்கள் வேகத்தைக் காப்பாற்ற வேறெங்காவது சமரசம் செய்வார்கள், அது உங்கள் பிளாங்கெட்டில் வந்து முடியும். ஜிசிசி பெரும்பங்கு, பிசிசி சிறுபங்கு என்ற கலவைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஜிசிசியிலும் பருமன் முக்கியம். இரண்டு மைக்ரானுக்குக் கீழே 60% இருப்பது அச்சுத்தாளுக்கு வழக்கமான தரம். 10 மைக்ரானைத் தாண்டிய துகளும் அதோடு வரும் குவார்ட்சும் மில்லின் வயரைத் தேய்க்கும், நாரோடு சரியாக ஒட்டாததால் அச்சில் முதலில் கழன்று வருவதும் அதுவே. 45 மைக்ரான் சல்லடையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மில் லோடுக்கு லோடு பார்க்கிறதா என்று கேட்டால், மில் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சிவகாசி ஆஃப்செட் – மார்ச் 6, பிற்பகல் 12.30

அப்போ மாவு தட்டுவது ஃபில்லரின் குற்றமா, மில்லின் குற்றமா?

வெட் எண்ட் – மார்ச் 6, மாலை 5.45

பெரும்பாலும் பிடித்து வைக்கும் முறையின் குற்றம். ஒன்றிரண்டு மைக்ரான் துகள் வயர்க் கண்ணுக்குள் தாராளமாகப் போய்விடும். தானாக நிற்காது. அதை நாரோடு ஒட்ட வைக்க வேண்டும்.

உதாரணக் கணக்கு. ஹெட்பாக்ஸில் (வயர்மேல் கூழை விடும் பெட்டியில்) செறிவு 0.80%, அதில் சாம்பல் 30%. ஆகச் சாம்பல் செறிவு 0.24%. வயருக்குக் கீழே ட்ரே நீர் 0.30%, அதில் சாம்பல் 55%. ஆக 0.165%. மொத்தத் தக்கவைப்பு 62.5%, பார்க்க நன்றாக இருக்கிறது. சாம்பலின் முதல்சுற்றுத் தக்கவைப்பு (0.24 – 0.165) ÷ 0.24 = 31%. மூன்றில் இரண்டு பங்கு ஃபில்லர் தாளில் நிற்காமல் நீரோடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றச் சுற்ற நுண்ணிய துகள்தான் அதில் சேரும். ஒரு தாள் அறுந்தால் சாம்பல் குதிக்கும், மேல்பக்கமும் கீழ்பக்கமும் வேறுவேறாகும். சாம்பல் 18 என்று சான்றிதழில் இருக்கும், ரீலின் தொடக்கத்தில் 15, முடிவில் 20 இருக்கும்.

இதற்கு வழி: கெட்டிக் கூழில் கேஷனிக் ஸ்டார்ச், டன்னுக்கு 6 முதல் 10 கிலோ. மெல்லிய கூழில் ஃபில்லர். பிரஷர் ஸ்கிரீனுக்கு (கூழை அழுத்தத்தில் சலிக்கும் சல்லடைக்கு) முன் கேஷனிக் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர், டன்னுக்கு 150 முதல் 300 கிராம். ஸ்கிரீனுக்குப் பின் பென்டோனைட் 2 கிலோ அளவில். பாலிமர் பெரிய பெரிய கட்டியாகத் திரட்டும், ஸ்கிரீனின் வேகம் அதை உடைக்கும், பென்டோனைட் சின்னச் சின்ன இறுக்கமான திரளாக மறுபடி சேர்க்கும். இந்த வரிசையை மாற்றினாலோ, பாலிமரை மட்டும் ஏற்றித் தக்கவைப்பைத் தூக்கப் பார்த்தாலோ, தாள் மேகம் மேகமாகத் திரளும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்த மேகத்தின் மெல்லிய இடத்தில்தான் உங்கள் பின்பக்க எழுத்து இன்னும் மோசமாகத் தெரியும்.

வெட் எண்ட் – மார்ச் 6, மாலை 6.10

மில்லில் வேலை செய்பவர்கள் இதைப் படித்தால்: பாலிமரை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். நீரில் சுற்றும் ஃபில்லர் எல்லாம் ஒரே நேரத்தில் தாளில் இறங்கும், சாம்பல் துள்ளும், பிறகுதான் நிலைக்கு வரும். டன்னுக்கு 20 அல்லது 30 கிராம் கூட்டி, ஒரு மணி நேரம் பார்த்து, அடுத்த படி.

சாம்பல் உலை – மார்ச் 7, காலை 10.40

அண்ணாச்சி, பிளாங்கெட்டில் இருப்பது எது என்று முதலில் பிரியுங்கள். எல்லா வெள்ளைக்கும் ஃபில்லர் என்று பெயர் வைத்தால் மில்லோடு வாதம் முடியாது.

தாளின் விளிம்பு படும் இடத்தில் மட்டும் கோடாகச் சேர்ந்தால் வெட்டுத் தூசி. கட்டிங் கத்தி மழுங்கிவிட்டது, ஃபில்லருக்கு அதில் பங்கில்லை. எழுத்துப் பகுதியில் தாளின் தோல் உரிந்து வெள்ளைப் புள்ளி விழுந்தால் மேற்பரப்பு வலுக் குறைவு. எழுத்து இல்லாத பகுதியில் பால் தெளித்தது மாதிரி மெல்லிய படலம் வந்தால்தான் ஃபில்லர். ஒட்டும் டேப்பை பிளாங்கெட்டில் அழுத்தி எடுத்து, கறுப்பு அட்டையில் ஒட்டி 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நீளமாக இருந்தால் நார். குட்டைக் குழாய் மாதிரி அகலமாக இருந்தால் யூகலிப்டஸ் போன்ற மரத்தின் நீர்க்குழாய்ச் செல். உருவமில்லாத பொடிதான் ஃபில்லர். பொடியில் சொட்டு அமிலம் விட்டுப் பொங்கினால் கார்பனேட், அயோடின் விட்டு நீலமானால் ஸ்டார்ச்.

வெட் எண்ட் – மார்ச் 7, பிற்பகல் 3.00

தோல் உரிவதற்கு மருந்து சைஸ் பிரஸ்ஸில், அதாவது தாளின் மேல் ஸ்டார்ச் ஏற்றும் உருளைகளில், இருக்கிறது. 8% ஸ்டார்ச் கரைசல், தாள் தன் எடையில் 45% உறிஞ்சினால், உலர்ந்த ஸ்டார்ச் 3.6% ஏறும். 60 ஜிஎஸ்எம்முக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 2 கிராமுக்குச் சற்று மேல். சாம்பலைக் கூட்டும் மில் இதையும் கூட்ட வேண்டும். கரைசல் 6%-க்கு இறங்கினாலே பாதுகாப்பு போய்விடும். செலவு மிச்சம் பிடிக்க முதலில் கை வைக்கும் இடமும் இதுதான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஃபில்லரைக் கூட்டி ஸ்டார்ச்சைக் குறைத்த தாளை நான் ஏற்கவே மாட்டேன்.

சோதனைக்கு டென்னிசன் மெழுகு: எண்ணிட்ட மெழுகுக் குச்சிகள், எண் கூடக் கூட ஒட்டலும் கூடும். உருக்கி தாளில் நிறுத்தி, 15 நிமிடம் ஆறவிட்டு, நேராக இழுக்க வேண்டும். 12-ஏ எண்ணில் தோல் உரியாத தாள்தான் வண்ண வேலைக்கு. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஃபோர்டிரினியர் மிஷினில் வயர் பக்கம் ஃபில்லர் வடிந்துபோகும், மேல் பக்கம் தங்கும். மாவு தட்டுவதும் பெரும்பாலும் மேல் பக்கம்தான்.

பழைய ஏடு – மார்ச் 8, காலை 9.30

அச்சகக் கணக்கு மட்டும் பார்க்கிறீர்கள். கார்பனேட் இருப்பதால் இந்தப் பாடநூல் நீண்ட காலம் நொறுங்காமல் நிற்கும். ரோசினும் படிகாரமும் போட்ட அமிலத் தாள் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். பழைய தமிழ் இதழ்க் கட்டுகளைத் திறந்தவர்களுக்குத் தெரியும். நிலைத்த தாளுக்கான ஐஎஸ்ஓ 9706, குறைந்தது 2% கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கார இருப்பு வேண்டும் என்கிறது. டால்க்கும் கயோலினும் எவ்வளவு இருந்தாலும் அந்த இருப்பைத் தராது.

வெட் எண்ட் – மார்ச் 8, காலை 11.20

உண்மை. அதே காரணத்தால்தான் அமில மில் ஒரே நாளில் கார்பனேட்டுக்கு மாற முடியாது. படிகாரம் இருக்கும் நீரில், பிஎச் 5-ல், கார்பனேட் கரைந்து நுரைக்கும், ஜிப்சம் படியும். கழிவுத்தாள் பயன்படுத்தும் அமில மில்களில் அதில் வரும் கார்பனேட்டே இந்தத் தொல்லையைக் கொடுக்கும், படிகாரச் செலவு ஏறிக்கொண்டே போகும். மாறினால் முழுதாக மாற வேண்டும்: பிஎச் 7.5-க்கு மேல், தாள் நீரை உறிஞ்சாமல் தடுக்க ரோசினுக்குப் பதில் ஏகேடி அல்லது ஏஎஸ்ஏ, பழைய அமில அறுந்த தாளைத் தீர்த்துவிட்டு, குழாய் எல்லாம் கழுவி.

ஏகேடியில் ஒரு பொறி உண்டு. பிசிசியில் வினையாகாத சுண்ணாம்பு மிஞ்சியிருந்தால் ஏகேடி சிதையும். மில்லில் நன்றாக இருந்த கோப் எண் (தாள் நீரை உறிஞ்சும் அளவு) குடோனில் இருந்து வரும்போது ஏறியிருக்கும். பிசிசி பாலின் பிஎச் 10-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். சரக்கு வந்ததும் நீங்களும் கோப் எடுங்கள், மில் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிவகாசி ஆஃப்செட் – மார்ச் 9, இரவு 8.00

டேப் ஒட்டிப் பார்த்தோம். விளிம்பில் கொஞ்சம் வெட்டுத் தூசி. நடுவில் பால் படலம், அமிலத்தில் பொங்குகிறது. டேம்பனிங் நீரின் (அச்சுத் தகட்டை நனைக்கும் நீரின்) பிஎச் 5.0-வில்தான் நிற்கிறது, ஆனால் மை உருளை சில இடங்களில் மையை ஏற்க மறுக்கிறது. இதுவும் தாள்தானா?

வெட் எண்ட் – மார்ச் 10, காலை 7.30

பாதி தாள், பாதி உங்கள் நீர். டேம்பனிங் நீர் அமிலம், தாளில் கார்பனேட். இரண்டும் சந்தித்தால் கால்சியம் கரைந்து நீரில் சேரும், பிறகு உருளையில் படிந்து பளபளக்கும். அந்த இடம் மையை ஏற்காது. கரைசலில் தாங்கல் சரக்கு இருப்பதால் பிஎச் அசையாது, அது தீரும்வரை 5.0 என்றே காட்டும். அசைவது கடத்துதிறன். புதிதாகக் கலந்தபோது எவ்வளவு என்று குறித்து வைத்து, அதிலிருந்து 1000 மைக்ரோசீமென்ஸ் ஏறினால் தொட்டியைக் காலி செய்யுங்கள். டேம்பனிங் நீரில் கலக்கும் ஃபவுண்டன் சரக்கில் சிட்ரிக் அமிலம் இருந்தால் அதை மாற்றுங்கள், கால்சியம் சிட்ரேட் அடமாகப் படியும். போர் தண்ணீர் கடினமானதாக இருந்தால் அதுவே ஒரு கால்சியம் வரவு. ஆர்ஓ நீரில் சரக்கு சொல்லும் அளவுக்கு மட்டும் கடினம் சேர்த்துப் பயன்படுத்துங்கள். உருளையை வாரம் ஒருமுறை கால்சியம் நீக்கும் கரைசலில் கழுவுங்கள், வெறும் மண்ணெண்ணெய் அதைத் தொடாது.

சிவகாசி ஆஃப்செட் – மார்ச் 11, மாலை 4.15

மில்லுக்கு எழுதப்போவது: சாம்பல் 15, ஒன்றுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, 525 டிகிரியில். ரீலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் எடுத்தது. ஜிசிசி முதன்மை, பிசிசி எவ்வளவு என்று தெரிவிக்க வேண்டும். மெழுகு 12-ஏ இரு பக்கமும். கோப் இரு பக்கமும். ஈரம் 5%, இப்போது இருப்பதே. விட்டது எது?

வெட் எண்ட் – மார்ச் 11, இரவு 9.40

ஒளிமறைப்பு எண்ணை விட்டுவிட்டீர்கள், எதற்காக ஆரம்பித்தோமோ அதையே. இப்போதைய தாளை அளந்து, அதைவிட இரண்டு புள்ளி கூட என்று எழுதுங்கள். சாம்பல் 15-லா 16-லா என்பது அவர்கள் பாடு. உங்களுக்கு வேண்டியது எழுத்து தெரியாமல் இருப்பது.

ஈரம் 5% இருக்கட்டும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரை நார்தான் பிடிக்கும், கனிமம் பிடிக்காது. சாம்பல் 12 இருந்தபோது நூறு கிராமில் 5 நீர், 83 நார். நார்ப்பகுதியின் ஈரம் 5.7%. சாம்பல் 15 ஆனால் 5 நீர், 80 நார், 5.9%. 18 ஆனால் 6.1%. அதே 5% என்று எழுதினால் நார் முன்பைவிட ஈரமாக இருக்கும், மிஷினில் விளிம்பு அலையும், வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. 4.8 என்று எழுதுங்கள். ரீமைப் பிரித்த அன்றே அளந்து பாருங்கள், மறுநாள் அளந்தால் குடோன் ஈரம்தான் தெரியும்.